இரத்தக் குழாயின் உட்படலமும் இதய நலனும்

2025ஆம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில், கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்தில் இளவயதினர் சிலர் அடுத்தடுத்து மாரடைப்பால் இறந்ததாகச் செய்திகள் வெளிவந்தன. மக்களிடையே அச்சம் பரவியது. பெங்களூருவிலும் மைசூருவிலும் உள்ள ஜெயதேவா இதயநோய் மருத்துவமனைகளில், நோயின் அறிகுறி ஏதும் இல்லாதவர்கள்கூடப் பரிசோதனைக்காகத் திரண்டு வரிசையில் நின்றனர். மாநில அரசு ஜெயதேவா நிறுவன இயக்குநரின் தலைமையில் வல்லுநர் குழு ஒன்றை அமைத்தது. இறப்பு எண்ணிக்கையில் வழக்கத்துக்கு மாறான பெருக்கம் இல்லை என்றும், இறந்தவர்களில் பலரிடம் புகைப்பழக்கம், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு போன்ற நன்கு அறியப்பட்ட காரணங்களே காணப்பட்டன என்றும் அக்குழு தெரிவித்தது.

அச்சம் தணிந்தது. ஆயினும், வரிசையில் நின்றவர்களின் மனத்தில் இருந்த கேள்வி நியாயமானதே. நேற்று வரை வேலைக்குச் சென்று வந்த ஒருவர் இன்று எவ்வாறு திடீரென வீழ்கிறார்? அவருடைய நோய் எப்போது தொடங்கியது? அதை முன்கூட்டியே தடுத்திருக்க இயலுமா? இக்கேள்விகளுக்கு விடை, இதயத் தமனிகளின் உள்ளே படர்ந்துள்ள மெல்லிய படலத்தின் வரலாற்றில் இருக்கிறது. மாரடைப்பு நிமிடக் கணக்கில் நிகழ்வது. ஆனால், அதற்கான காரணங்கள் ஆண்டுக் கணக்கில் அப்படலத்தில் சேர்ந்து வருகின்றன. சேரும் இடம் மருத்துவமனைக்கு வெளியே, நாம் உண்ணும், உழைக்கும், மூச்சு விடும் இடங்களில் உள்ளது. ஆகவே இது மருத்துவர்களுக்கு மட்டும் உரிய பொருள் அன்று. வளர்ச்சித் திட்டங்களை வகுப்போருக்கும் உரியதாகும்.

குழாய் அன்று, உயிருள்ள உறுப்பு

பெங்களூரு நகருக்குக் காவிரி நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து இரும்புக் குழாய்களின் வழியாக வந்து சேருகிறது. இதயத் தமனிகளையும் நாம் அத்தகைய குழாய்களாகவே எண்ணிப் பழகிவிட்டோம். குழாயில் கசடு படியும், அடைபடும், அதை அகற்றினால் நீர் மீண்டும் ஓடும் என்பதே பெரும்பாலோரின் எண்ணம். இந்த ஒப்புமை ஓரளவுக்குத்தான் பொருந்தும். இரும்புக் குழாய்க்கு உணர்வு இல்லை, தமனிக்கு உண்டு.

தமனியின் உட்சுவரில், ஒரே ஒரு செல் தடிமனுள்ள படலம் ஒன்று இடைவெளியின்றிப் படர்ந்துள்ளது. மருத்துவ நூல்கள் இதை எண்டோதீலியம் என்று அழைக்கின்றன. இதயம் முதல் நுண்ணிய நாளங்கள் வரை உடலெங்கும் பரவியுள்ள இவ்வுட்படலம், நான்கு பணிகளை இடைவிடாது செய்து வருகிறது. முதலாவதாக, தேவைக்கேற்பக் குழாயைத் தளர்த்தியும் சுருக்கியும் இரத்த ஓட்டத்தைச் சீர்செய்கிறது. இரண்டாவதாக, ஓடும் இரத்தம் உள்ளேயே உறைந்துவிடாமல் காக்கிறது. மூன்றாவதாக, இரத்தத்திலுள்ள எப்பொருள் சுவருக்குள் புகலாம், எது புகலாகாது என்பதைத் தீர்மானிக்கும் வாயிற்காவலனாக இருக்கிறது. நான்காவதாக, வெள்ளணுக்கள் தேவையின்றிச் சுவரில் ஒட்டிக்கொள்ளாதவாறு வழுவழுப்பாக விளங்குகிறது.

இப்படலம் வெறும் உறை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1980ஆம் ஆண்டு நியூயார்க்கைச் சேர்ந்த ராபர்ட் ஃபர்ச்காட் என்ற அறிவியலார் வெளியிட்ட ஆய்வு அக்கருத்தை மாற்றியது. முயலின் தமனித் துண்டுகளில் அசிட்டைல்கோலின் என்ற பொருளைச் செலுத்தியபோது, சில துண்டுகள் தளர்ந்தன; சில சுருங்கின. காரணத்தைத் தேடியபோது, சுருங்கிய துண்டுகளில் உட்படலம் தற்செயலாகத் தேய்ந்து அகன்றிருந்தது தெரியவந்தது. ஆகவே தளரச் செய்யும் கட்டளை உட்படலத்திலிருந்தே பிறக்கிறது என்று அவர் முடிவு செய்தார். அக்கட்டளையைச் சுமந்து செல்வது நைட்ரிக் ஆக்சைடு என்ற எளிய வாயு என்பது அடுத்த சில ஆண்டுகளில் உறுதியாயிற்று. இதற்காக ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராத் ஆகிய மூவருக்கும் 1998இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. நெஞ்சுவலிக்கு நாவின் அடியில் வைக்கப்படும் நைட்ரோகிளிசரின் மாத்திரை பயனளிப்பதும் இதே வாயுவின் மூலமாகத்தான். அப்பொருளைக் கொண்டு டைனமைட் செய்து பெருஞ்செல்வம் ஈட்டிய ஆல்ஃபிரட் நோபலுக்கே, இறுதிக் காலத்தில் மருத்துவர்கள் அதை மருந்தாகப் பரிந்துரைத்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

நோய் வளரும் முறை

உட்படலம் நலமாக இருக்கும் வரை நைட்ரிக் ஆக்சைடு போதிய அளவில் சுரக்கிறது. புகையிலைப் புகை, உயர் இரத்த அழுத்தம், இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை, மிகுந்த கெட்ட கொழுப்பு, மாசடைந்த காற்றிலுள்ள நுண்துகள்கள் ஆகியவை இச்சுரப்பைக் குறைக்கின்றன. சுரந்ததையும் விரைவில் அழிக்கின்றன. காவல் தளர்கிறது. கெட்ட கொழுப்பு சுவருக்குள் புகுந்து தங்கி, வேதி மாற்றம் அடைகிறது. அதை அகற்ற வரும் வெள்ளணுக்கள் கொழுப்பை விழுங்கிப் பருத்து, அங்கேயே தேங்குகின்றன. இவ்வாறு சுவருக்குள் ஒரு படிவு உருவாகிறது. தமனிகள் கிளை பிரியும் இடங்களில் இரத்த ஓட்டம் சுழல்வதால், படிவுகள் அவ்விடங்களிலேயே மிகுதியாகத் தோன்றுகின்றன.

இங்கு ஓர் உண்மையை வலியுறுத்த வேண்டும். மாரடைப்புகளில் பல, தமனியைப் பெரிதும் அடைத்துக்கொண்டிருந்த பழைய படிவால் ஏற்படுவன அல்ல. அவ்வளவு பெரிதல்லாத படிவொன்றின் மேலுறை கிழிகிறது, அல்லது அதன் மீதிருந்த உட்படலம் அரிக்கப்படுகிறது. உள்ளிருக்கும் பொருள் இரத்தத்துடன் கலந்ததும் அவ்விடத்தில் இரத்தம் உறைந்து, சில நிமிடங்களில் குழாயை அடைக்கிறது. நேற்று வரை மூச்சிரைப்போ நெஞ்சுவலியோ இல்லாத ஒருவர் இன்று வீழ்வதற்கு இதுவே காரணம். அவருடைய தமனி நேற்று ஏறத்தாழத் திறந்தே இருந்தது. ஆனால் அதன் உட்படலம் பல்லாண்டுகளாகப் பழுதுபட்டிருந்தது.

இப்பழுது எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறது என்பதை 1992இல் இலண்டனில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இரத்த அழுத்தமானியின் பட்டையால் கையைச் சில நிமிடங்கள் இறுக்கிப் பின் தளர்த்தினால், விரைந்து பாயும் இரத்தத்துக்கு ஈடாகக் கைத் தமனி விரிய வேண்டும். கேளா ஒலி அலைக் கருவியால் இதை அளந்தபோது, புகைபிடிப்போரிடமும், பரம்பரையாகக் கொழுப்பு மிகுந்த சிறுவர்களிடமும் அவ்விரிவு குறைந்திருந்தது. அவர்களிடம் நோயின் அறிகுறி எதுவும் அப்போது இல்லை. ஆகவே உட்படலத்தின் தளர்ச்சியே முதற்படி. படிவும் அடைப்பும் பின்வருவன.

பெங்களூரு கற்பித்தவை

இத்துறையில் பெங்களூருவுக்கு ஒரு தனி இடம் உண்டு. 1996ஆம் ஆண்டு, இந்நகரில் மாரடைப்பு ஏற்பட்ட 200 நோயாளிகளையும், மாரடைப்பு இல்லாத 200 பேரையும் ஒப்பிட்டு, புனித ஜான் மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் பிரேம் பயஸ் அவர்களும் பிறரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பீடி, சிகரெட் புகைப்பதே மிக வலிமையான காரணமாக அதில் காணப்பட்டது. உயர் இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, வயிற்றுப் பருமன் ஆகியவை அதனுடன் இணைந்திருந்தன.

அதே கல்லூரியில் பயின்று கனடா நாட்டில் பணியாற்றும் சலீம் யூசுஃப் தலைமையில், 52 நாடுகளில் நடத்தப்பட்ட பேராய்வின் முடிவு 2004இல் வெளிவந்தது. முதல் மாரடைப்பு ஏற்பட்ட 15,152 பேர் அதில் இடம்பெற்றனர். புகை, கொழுப்பு, இரத்த அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், காய்கனி குறைந்த உணவு, உடலுழைப்பின்மை, மது ஆகிய ஒன்பது கூறுகள், உலகில் ஏற்படும் முதல் மாரடைப்புகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பதுக்கு விளக்கம் தருவதாக அந்த ஆய்வு கண்டது. தெற்காசியர்களைப் பற்றி 2007இல் வெளியான பகுதி நமக்கு மேலும் கவலை தருவதாகும். பிற நாடுகளில் முதல் மாரடைப்பு ஏற்படும் சராசரி வயது ஏறத்தாழ 59. தெற்காசியர்களுக்கு அது 53. நம்மவரின் உடலமைப்பு மட்டும் இதற்குக் காரணம் அன்று. அதே ஒன்பது கூறுகள் நம்மிடம் இளவயதிலேயே சேர்ந்துவிடுகின்றன என்பதே அந்த ஆய்வின் முடிவு.

பன்னேர்கட்டா சாலையிலுள்ள ஜெயதேவா நிறுவனம், இளவயதில் மாரடைப்புக்கு உள்ளானோருக்கென 2017 முதல் தனிப் பதிவேடு ஒன்றைப் பேணி வருகிறது. அதில் வாடகைக் கார், ஆட்டோ ஓட்டுநர்களும் குறிப்பிடத்தக்க அளவில் இடம்பெற்றுள்ளனர். இத்தொழிலில் உள்ள ஒருவரின் நாளை எண்ணிப் பார்ப்போம். விடியலில் வண்டியை எடுக்கும் அவர் பன்னிரண்டு மணி நேரம் இருக்கையில் அமர்ந்திருக்கிறார். நெரிசலில் புகையைச் சுவாசிக்கிறார். சோர்வைப் போக்கப் பீடியும், பசியைத் தணிக்க எண்ணெயில் பொரித்த பண்டமும், சர்க்கரை மிகுந்த தேநீரும் உதவுகின்றன. தவணைத் தொகை நினைவுக்கு வருவதால் உறக்கத்தைக் குறைக்கிறார். அவருடைய இரத்த அழுத்தத்தை எவரும் அளந்ததில்லை. உட்படலத்தைப் பழுதாக்கும் ஒவ்வொரு காரணமும் அவருடைய தொழிலோடு பிணைந்துள்ளது. அவருக்கு நாற்பதாம் வயதில் மாரடைப்பு ஏற்படுமாயின், அக்குடும்பம் ஒரே நாளில் வருவாயையும் சேமிப்பையும் இழக்கிறது. வண்டிக் கடன் மட்டும் மிஞ்சுகிறது. பிள்ளைகளின் படிப்பு கேள்விக்குறியாகிறது.

செலவும் பயனும்

நாட்டின் மொத்த இறப்புகளில் இதய, இரத்தக் குழாய் நோய்களின் பங்கு 1990இல் 15.2 விழுக்காடாக இருந்தது. 2016இல் அது 28.1 விழுக்காடாக உயர்ந்துவிட்டதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் பிற நிறுவனங்களும் இணைந்து கணித்தன. இச்சுமையைச் சிகிச்சையால் மட்டும் குறைத்துவிட இயலுமா என்பதே பொருளாதார நோக்கில் எழும் கேள்வி.

மாரடைப்பு நிகழும் வேளையில் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் பொருத்துவது உயிர் காக்கும் சிகிச்சை என்பதில் ஐயமில்லை. ஆனால், உழைக்கும்போது மட்டும் நெஞ்சுவலி தோன்றி, நிலையாக உள்ள நோயாளிகளின் நிலை வேறு. அவர்களுக்கு மருந்துடன் ஸ்டென்டும் சேர்த்து அளிப்பதால் இறப்போ மாரடைப்போ குறைவதில்லை என்று 2007இலும், பின்னர் 5,179 நோயாளிகளைக் கொண்டு 2020இலும் வெளியான பன்னாட்டு ஆய்வுகள் காட்டின. இதில் வியப்பில்லை. ஸ்டென்ட் ஓரங்குல நீளத்தைச் சீர்செய்கிறது; உட்படலமோ எல்லாத் தமனிகளிலும் பரந்துள்ளது.

சிகிச்சையை அனைவருக்கும் சமமாகச் சேர்ப்பதும் எளிதன்று. புனித ஜான் ஆராய்ச்சி நிலையம் ஒருங்கிணைத்து 2008இல் வெளியிட்ட ஆய்வு, 50 நகரங்களின் 89 மருத்துவமனைகளில் அனுமதிக்கப்பட்ட 20,468 இதய நோயாளிகளைப் பற்றியது. மருத்துவமனையில் சேர்ந்து முப்பது நாட்களுக்குள் ஏழை நோயாளிகளில் 8.2 விழுக்காட்டினர் இறந்தனர். வசதி படைத்தோரில் 5.5 விழுக்காட்டினர் இறந்தனர். பெற்ற சிகிச்சையைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் அவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது. ஏழைகள் நோயின் கடுமையால் மட்டும் அதிகமாக இறக்கவில்லை; உரிய சிகிச்சை கிட்டாமையால் இறந்தனர் என்பது இதன் பொருள்.

இக்குறையைக் களைய அரசுகள் சில நடவடிக்கைகளை எடுத்துள்ளன. 2017 பிப்ரவரியில் மைய அரசு ஸ்டென்டின் விலைக்கு உச்சவரம்பு விதித்தது. அப்போது மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. 2021 அக்டோபரில் 46ஆம் வயதில் மறைந்த நடிகர் புனீத் ராஜ்குமாரின் பெயரால், கர்நாடக அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதன்படி தாலுகா மருத்துவமனைகளில் இ.சி.ஜி. எடுக்கப்பட்டு, பெரிய இதயநோய் நிலையங்களின் ஆலோசனை பெறப்பட்டு, உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் விலையுயர்ந்த ஊசி மருந்து இலவசமாக அளிக்கப்படுகிறது. இவை பாராட்டத்தக்கவை. எனினும் இவை யாவும் நோயின் கடைசி அத்தியாயத்தில் செய்யப்படும் செலவுகளே.

உட்படலத்தைக் காக்கும் வழிகள்

நம்பிக்கை தரும் செய்தி ஒன்று உண்டு. பழுதுற்ற உட்படலம் பெருமளவுக்குத் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ள வல்லது. புகைப்பதை நிறுத்தினால் ஓராண்டுக்குள் இதயநோய் அபாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. விரைந்து நடக்கும்போது இரத்தம் உட்படலத்தை உரசிச் செல்கிறது. அவ்வுரசலே நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கத் தூண்டுகிறது. நடைப்பயிற்சியின் பயன் உடல் எடையைக் குறைப்பதோடு முடிந்துவிடுவதில்லை என்பதை இதனால் அறியலாம். இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் குறைக்கும் மலிவான மாத்திரைகளும் உட்படலத்துக்கு ஓய்வளிக்கின்றன. உட்படலத்தின் நிலையை அளக்கும் கைத் தமனிச் சோதனை ஆராய்ச்சிக்கு உரியது. பொதுமக்கள் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. நைட்ரிக் ஆக்சைடைப் பெருக்குவதாகக் கூறி விற்கப்படும் பொடிகளும் மாரடைப்பைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. இரத்த அழுத்தமானி, சர்க்கரைச் சோதனை, கொழுப்புச் சோதனை ஆகிய மூன்றுமே நடைமுறைக்குப் போதுமானவை.

ஆனால், தனிமனிதரின் மனவுறுதியை மட்டும் நம்பி ஒரு நாட்டின் நலக் கொள்கையை அமைக்க இயலாது. பின்லாந்து நாட்டின் வட கரேலியா மாநிலத்தில் இதயநோய் மிகுந்திருந்தபோது, 1972இல் தொடங்கிய திட்டம் மக்களின் உணவையும், பால்பண்ணைத் தொழிலையும், புகைப்பழக்கத்தையும் ஒருசேர மாற்ற முனைந்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில், உழைக்கும் வயதுடைய ஆண்களின் இதயநோய் இறப்பு விகிதம் எண்பது விழுக்காட்டுக்கும் மேலாகக் குறைந்தது.

நம் நாட்டிலும் இதற்கான அடித்தளம் இடப்பட்டுள்ளது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைபிடிப்பது தடை செய்யப்பட்டது. உட்படலத்துக்குத் தீங்கு செய்யும் மாறுநிலைக் கொழுப்பு, எண்ணெய்களிலும் உணவுப் பண்டங்களிலும் 2022 முதல் 2 விழுக்காடு என்ற வரம்புக்குள் கொண்டுவரப்பட்டது. 2010இல் தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டமும், 2017இல் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுக்கான தனி முயற்சியும் தொடங்கப்பட்டன. ஆயினும் பணியின் அளவு பெரிது. 2023இல் வெளியான தேசிய ஆய்வின்படி, வயதுவந்தோரில் 35.5 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தமும், 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவும் உள்ளன. மேலும், பல மருந்துகளை ஒரே மாத்திரையில் அடக்கும் முறையைப் பெங்களூருவின் ஆய்வாளர்கள் 2009இல் 2,053 இந்தியர்களிடம் சோதித்து வழிகாட்டினர். அத்தகைய கூட்டு மாத்திரைகளை உலக சுகாதார நிறுவனம் 2023இல் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

இவற்றைச் செயற்படுத்துவோர் மூன்று செய்திகளை மனத்தில் கொள்ளலாம். முதலாவது, நோயாளி நம்மைத் தேடி வருவார் என்று காத்திராமல், ஆட்டோ நிறுத்தங்களுக்கும், ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளுக்கும், சந்தைகளுக்கும் இரத்த அழுத்தமானி செல்ல வேண்டும். ஓட்டுநர் உரிமம், தகுதிச் சான்று ஆகியவற்றுக்காக அலுவலகம் வரும் ஓட்டுநர்களைச் சோதிக்க அதைவிடச் சிறந்த வாய்ப்பு இல்லை. இரண்டாவது, சோதனையோடு பணி முடிந்துவிடாது. அழுத்தம் மிகுந்துள்ளதாகக் கண்டறியப்பட்டவருக்கு மாதந்தோறும் மாத்திரை கிட்ட வேண்டும். அதைப் பெற அவர் ஒரு நாள் கூலியை இழக்கும் நிலை இருத்தலாகாது. நகரிலுள்ள நம்ம கிளினிக் போன்ற சிறு நிலையங்கள் மாலை வேளையிலும் திறந்திருப்பது இதற்கு உதவும். மூன்றாவது, நடைபாதை, பேருந்து வசதி, காற்றின் தூய்மை ஆகியவை பற்றிய கோப்புகளும் இதயநலம் பற்றிய கோப்புகளே. அவற்றைக் கையாளும் பொறியாளரும் வருவாய்த்துறை அலுவலரும், தாம் அறியாமலே, மக்களின் உட்படலத்தைக் காக்கவோ சிதைக்கவோ செய்கின்றனர்.

பெங்களூருவில் இதயத்துக்குச் சிறந்த மருத்துவமனைகள் உள்ளன. இதயநோயின் காரணங்களை உலகுக்கு எடுத்துரைத்த ஆய்வாளர்களும் இங்கு உள்ளனர். அவ்வறிவு மருத்துவமனை வாயிலைக் கடந்து, வண்டியோட்டும் தொழிலாளியின் நாற்பதாம் வயதுக்கு முன்னதாகவே அவரைச் சென்றடையச் செய்வதே இன்று நம்முன் உள்ள பணியாகும்.